நான்கு மையங்களும் ஒரு 6–8–10 முக்கோணமும்

முக்கோண மையங்களைப் படிக்க உட்காரும்போது முதலில் சமபக்க முக்கோணத்தைத் தள்ளி வைத்துவிட வேண்டும். அதில் செங்கோட்டு மையம் (முனைகளிலிருந்து எதிர்ப்பக்கங்களுக்கு இறக்கும் செங்குத்துகள் சந்திக்கும் புள்ளி), நடுக்கோட்டு மையம் (முனைகளை எதிர்ப்பக்க நடுப்புள்ளிகளோடு சேர்க்கும் கோடுகள் சந்திக்கும் புள்ளி), சுற்றுவட்ட மையம் (மூன்று முனைகள் வழியே போகும் வட்டத்தின் மையம்), உள்வட்ட மையம் (மூன்று பக்கங்களையும் உள்ளிருந்து தொடும் வட்டத்தின் மையம்) ஆகிய நான்கும் ஒரே புள்ளியில் விழுவதால், தவறான கோட்டை வரைந்தாலும் விடை சரியாக வந்து ஏமாற்றும்.

எனக்குக் கைகொடுத்தது 6, 8, 10 பக்கமுள்ள செங்கோண முக்கோணம். முனைகளை (0,0), (8,0), (0,6) என்று வைத்தால் செங்கோட்டு மையம் (0,0), அதாவது செங்கோண முனையே. சுற்றுவட்ட மையம் கர்ணத்தின் நடுப்புள்ளியான (4,3), ஆரம் 5. நடுக்கோட்டு மையம் (8/3, 2). உள்வட்ட மையம் (2,2), ஆரம் 2. செங்கோட்டு மையம், நடுக்கோட்டு மையம், சுற்றுவட்ட மையம் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் 2:1 விகிதத்தில் நிற்பதையும் இதே எண்களில் பார்த்துவிடலாம். உள்வட்ட மையம் அந்தக் கோட்டில் இல்லை.

நடுக்கோட்டு மையத்துக்கும் செங்கோட்டு மையத்துக்கும் எந்தக் கோடு என்பதைப் பெயரே சொல்லிவிடும். குழப்பம் மற்ற இரண்டில்தான். மையக் குத்துக்கோட்டில், அதாவது பக்கத்தின் நடுப்புள்ளி வழியே அதற்குச் செங்குத்தாகப் போகும் கோட்டில், உள்ள புள்ளி பக்கத்தின் இரு முனைகளுக்கும் சம தூரம். அதனால் இந்தக் கோடுகள் சந்திக்கும் சுற்றுவட்ட மையத்திலிருந்து வரைந்தால் முனைகள் வழியே வட்டம் போகும். கோண இருசமவெட்டியில் உள்ள புள்ளி இரு பக்கங்களுக்கும் சம தூரம்; அதனால் இவை சந்திக்கும் உள்வட்ட மையத்திலிருந்து பக்கங்களைத் தொடும் வட்டம் வரும். இந்தக் காரணம் பிடிபட்டால் மனப்பாடம் தேவையில்லை.

வரைதலில் அடிக்கடி நடக்கும் தவறு: உள்வட்ட மையம் கண்டதும், இருசமவெட்டி எதிர்ப்பக்கத்தைச் சந்திக்கும் இடம் வரை ஆரமாக எடுப்பது. வட்டம் பக்கத்தை வெட்டிக்கொண்டு போய்விடும். மையத்திலிருந்து ஒரு பக்கத்துக்குச் செங்குத்து இறக்கி, அந்த நீளத்தைத்தான் எடுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் மையக் குத்துக்கோட்டை எதிர்முனை வழியாக இழுப்பது இன்னொன்று. அது முனை வழியே போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

விரிகோண முக்கோணம் கேட்டால் தாளில் இடம் விட வேண்டும். 4, 5, 8 செ.மீ. பக்கங்களுக்கு 8 செ.மீ.யை அடிப்பக்கமாக வரைந்தால், செங்கோட்டு மையம் அதற்கு மேலே ஏழரை சென்டிமீட்டரையும் தாண்டிப் போகும். சுற்றுவட்ட மையம் கீழே கிட்டத்தட்ட 3 செ.மீ.யில் விழும். செங்குத்து இறக்கச் சிறு பக்கங்களை நீட்டியே ஆக வேண்டும்.

மையம் காண இரண்டு கோடுகள் போதும். மூன்றாவதைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் சேராமல் நடுவே குட்டி முக்கோணம் விழுந்தால் கவராயத்தின் திருகு தளர்ந்திருக்கும், இல்லையேல் பென்சில் மழுங்கியிருக்கும். வில்களை அழிக்காதீர்கள்.

ஏபிசி முக்கோணத்தின் முனைகளிலிருந்து வரையும் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்தித்து, பிசி, சிஏ, ஏபி பக்கங்களை முறையே டி, இ, எஃப் புள்ளிகளில் பிரித்தால், அந்த விகிதங்களின் பெருக்கற்பலன் 1 என்பது பத்தாம் வகுப்பின் சீவா தேற்றம். அதில் தவறுவது வரிசை. பிடி/டிசி, சிஇ/இஏ, ஏஎஃப்/எஃப்பி என்று ஒரே திசையில் சுற்றி வர வேண்டும். ஏபி 13, பிசி 14, சிஏ 15 உள்ள முக்கோணத்தின் கோண இருசமவெட்டிகளில் போட்டுப் பாருங்கள்: 13/15 × 14/13 × 15/14 = 1. ஒரு விகிதத்தைத் தலைகீழாக எழுதினாலும் இது உடைந்துவிடும். ஒரே நேர்க்கோடு மூன்று பக்கங்களையும் அல்லது அவற்றின் நீட்சியையும் வெட்டும்போது பொருந்தும் மெனிலாஸ் தேற்றத்தில் பெருக்கற்பலன் −1. அங்கே திசையும் கணக்கில் வருவதால் குறியை விட்டுவிடக் கூடாது.