அட்லாண்டாவில் கூரைக்குள் ஒரு வானம்

அட்லாண்டாவின் பீச்ட்ரீ தெருவில், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே குமிழ்க் கோபுரமும் மினாரும் எட்டிப் பார்க்கின்றன. பள்ளிவாசல் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் இது ஃபாக்ஸ் தியேட்டர். ஷ்ரைனர்கள் என்ற சங்கத்தார் தங்கள் தலைமையகமாகக் கட்ட ஆரம்பித்து, பாதியிலேயே பணம் கையைக் கடிக்க, அரங்கத்தை சினிமா அதிபர் வில்லியம் ஃபாக்ஸுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். திறந்தது 1929 கிறிஸ்துமஸ் அன்று. பங்குச் சந்தை கவிழ்ந்து இரண்டே மாதம்! மூன்று ஆண்டுகளுக்குள் கடனில் மூழ்கி மூடிவிட்டார்கள். பிறகு வேறு கைக்கு மாறித்தான் தலை நிமிர்ந்தது.

சுற்றிக் காட்டும் டூரில் டிக்கெட் எடுத்து உள்ளே போனோம். நாலாயிரத்துக்கும் மேல் இருக்கைகள். அண்ணாந்தால் அந்தி நேர நீல வானம், அதில் 96 நட்சத்திரங்கள், சில மினுக்கவும் செய்கின்றன. பால்கனிக்கு மேலே கோடு போட்ட பாலைவனக் கூடாரம். துணி என்று அடித்துச் சொல்லியிருப்பேன். பிளாஸ்டராம், இரும்புக் கம்பியில் தொங்குகிறது.

இந்த அழகு எல்லோருக்குமானதாக இருக்கவில்லை. அறுபதுகளின் தொடக்கம்வரை கறுப்பின மக்கள் தனி கவுண்டரில் டிக்கெட் வாங்கி, வெளிப்பக்கப் படிக்கட்டேறி, பால்கனியின் உச்சிக்குத்தான் போக வேண்டும். எனக்கு நட்சத்திரங்களைவிட அந்தப் படிக்கட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கத் தோன்றியது.

எழுபதுகளில் கூட்டம் குறைந்தது. சதர்ன் பெல் தொலைபேசி நிறுவனம் தியேட்டரை இடித்துவிட்டுத் தலைமையகம் கட்ட நினைத்தது. ஊர் கொதித்தது. அட்லாண்டா லேண்ட்மார்க்ஸ் என்ற அமைப்பு தொடங்கி, நிதி திரட்டினார்கள். ஆனால் கண்ணீர் மட்டும் காப்பாற்றவில்லை. நகராட்சி இடிக்க அனுமதி தராமல் இழுத்தடித்ததும், நிலத்தை மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தமும்தான் காரியத்தைச் சாதித்தன. தொலைபேசிக் கோபுரம் தியேட்டருக்குப் பின்னால் எழுந்தது. தியேட்டரை வாங்க அந்த அமைப்பு பட்ட 18 லட்சம் டாலர் கடன் 1978-இல் அடைந்தது. அதே ஆண்டில்தான் இதே தெருவிலிருந்த லோஸ் கிராண்ட் தியேட்டர் தீப்பிடித்து, பிறகு இடிக்கப்பட்டது. 1939-இல் 'கான் வித் த விண்ட்' படத்தின் முதல் காட்சி நடந்த இடம் அது. இன்று அங்கே அலுவலகக் கோபுரம்.

இப்போது ஃபாக்ஸில் பெரும்பாலும் நாடகமும் கச்சேரியும்தான். முடிந்தால் கோடையில் போங்கள், படம் போடுவார்கள். தொடங்குமுன் 3,622 குழாய்கள் கொண்ட 'மைட்டி மோ' ஆர்கனை வாசித்து, பாட்டு வரிகளைத் திரையில் ஓடவிட்டு, அரங்கத்தையே பாட வைப்பது இங்கே வழக்கம்.