ஹுவாஸ்கர் தளத்தில் மூன்று பெயர்கள்

மே 17, சான் விசென்தே துறைமுகம், சிலி

மரக்கூழ் ஏற்றுகிறோம். மழை விட்டுவிட்டுப் பெய்வதால் சரக்கறை மூடியான ஹாட்ச்சை மூடுவதும் திறப்பதுமாகவே பொழுது போகிறது. நாளை மதியம் எனக்கு ஷோர் லீவ். பக்கத்திலேயே தல்காவானோ கடற்படைத் தளம், அங்கே பழைய போர்க்கப்பல் ஹுவாஸ்கர். எத்தனை வருட ஆசை!

மே 18

பார்த்துவிட்டேன். 1865இல் பெருவுக்காக இங்கிலாந்தின் பிர்க்கன்ஹெட்டில் கட்டிய இரும்புக் கப்பல் இது. சுழலும் கூண்டுக்குள் பத்து அங்குலப் பீரங்கிகள் இரண்டு. தளத்தில், சிலிக் கப்பலின் கேப்டன் அர்த்துரோ பிராட் சண்டையில் விழுந்து இறந்த இடத்தில் ஓர் அடையாளம் பதித்திருக்கிறார்கள். அதை மிதிக்க மனம் வராமல் சுற்றிப் போனேன்.

பிராட் இறந்தது வெடியுப்புக்காக மூண்ட போரில். சிலி ஒரு பக்கம், பெருவும் பொலிவியாவும் மறுபக்கம். 1879 மே 21 காலை, அன்று பெருவின் ஊராக இருந்த இக்கீக்கேயை முற்றுகையிட்டு நின்றவை சிலியின் இரண்டு பழைய மரக்கப்பல்கள்: பிராட்டின் எஸ்மரால்டா, கார்லோஸ் கொந்தெலின் கோவதோங்கா. எதிரே வந்தவையோ இரும்புக் கவசம் பூண்டவை. ஹுவாஸ்கரில் மிகேல் கிராவ், இந்திபெந்தென்சியாவில் மூர்.

கொந்தெல் கரையை ஒட்டியே ஓடினார். துரத்திய இந்திபெந்தென்சியா பாறையில் ஏறி அழிந்தது.

எஸ்மரால்டாவால் ஓட முடியவில்லை. சண்டைக்கு நடுவே பாய்லர் போய்விட்டது. இன்ஜின் ரூமில் வேலை பார்க்கிறவனுக்கு அந்த ஒரு வரியே போதும். மேலே குண்டு விழுகிறது, கீழே பிரஷர் ஏற மறுக்கிறது, பிரிட்ஜிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த ஆட்களின் நிலையை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

பீரங்கி சரியாகப் படாததால் கிராவ் மூன்று முறை கப்பலைக் கொண்டே இடித்தார். முதல் இடியிலேயே பிராட் வாளோடு ஹுவாஸ்கருக்குத் தாவினார். வயது 31. பின்னால் வந்தவர்கள் ஓரிருவர்தான். மூன்றாம் இடியில் எஸ்மரால்டா கொடி இறக்காமலே மூழ்கியது. கிராவ் உடனே படகுகளை இறக்கி, தண்ணீரில் தத்தளித்த சிலிக்காரர்களைத் தூக்கச் சொன்னார்.

மே 21

இன்று இங்கே விடுமுறை, அந்தச் சண்டையின் நினைவு நாள். சரக்கு வேலை இல்லை.

அந்தக் கப்பலில் மூன்று பேரை நினைவுகூர்கிறார்கள். பிராட். அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று அங்காமோஸ் கடற்சண்டையில் சிலியின் குண்டுக்குச் சிதறிப்போன கிராவ். பிறகு, சிலி கைப்பற்றிய ஹுவாஸ்கரை நடத்தி, 1880 பிப்ரவரியில் அரிக்காவில் மடிந்த மானுவல் தாம்சன்.

1866இல் ஸ்பெயினை எதிர்த்து அப்தாவில் பெருவும் சிலியும் ஒன்றாகச் சண்டையிட்டபோது இந்த மூவரும் ஒரே அணி! கிராவ் உனியோன் கப்பலின் கேப்டன். தாம்சன் நடத்திய கோவதோங்காவில் பிராட் இளம் அதிகாரி. சிலிக் கடற்படையின் ஆஸ்கர் வியெல் கிராவுக்குச் சகலை. இப்படிப்பட்டவர்களைத்தான் வெடியுப்பு எதிரெதிரே நிறுத்தியது. அதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஜூன் 2, பசிபிக் கடல்

1879இல் இதே தேதியில்தான் கிராவ், பிராட்டின் மனைவி கார்மேலாவுக்குக் கடிதம் எழுதினார். கணவரின் வீரத்தைப் போற்றி, அவர் உடலில் இருந்த பொருட்களைப் பட்டியலிட்டு அனுப்பினார்.

நானும் ஒரு முறை அப்படிப் பட்டியல் எழுதியிருக்கிறேன். கூட வேலை பார்த்த ஃபிட்டர் அண்ணன் மாரடைப்பில் போனபோது, அவர் கேபினைத் திறந்து இரண்டு பேராக உட்கார்ந்து எழுதினோம். லுங்கி மூன்று, ஷேவிங் செட் ஒன்று, மகளுக்கு வாங்கிய பொம்மை ஒன்று. பொம்மையை எழுதும்போது கை நின்றுவிட்டது.

கிராவ் எழுதிய பட்டியலில் ஒரு வாள், கல்யாண மோதிரம், சட்டையின் முத்துச்சிப்பிப் பொத்தான்கள், கையுறை ஒரு ஜோடி, வெள்ளைக் கைக்குட்டை ஒன்று. கார்மேலாவின் புகைப்படங்களும் இருந்தன.