சாவ்சிங்: மைக்கல்லின் முதுகைப் படிப்பது எப்படி?

தென் சீனாவின் குவாங்சோவிலிருந்து மேற்கே, ரயிலில் போய் அன்றே திரும்பிவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறது சாவ்சிங். பழைய பெயர் துவான்சோ. எழுதுவதற்காக மைக்கட்டியை நீர்விட்டு உரைக்கும் மைக்கற்களில் சீனர்கள் முதலிடம் தரும் துவான் கல், இங்கே லிங்யாங் மலையிடுக்கை ஒட்டிய குன்றுகளில் வெட்டியது. பழைய சுரங்கங்களை மூடிவிட்டார்கள். துவான் மைக்கல் அருங்காட்சியகமும், செதுக்குவோர் வாழும் பாய்ஷி ஊரும் போதும்.

எல்லோரும் கல்லின் 'கண்'களையும் (இயற்கையாக அமைந்த வட்டப் புள்ளிகள்) முகப்பில் செதுக்கிய டிராகனையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விஷயம் இருப்பது முதுகிலும் விளிம்பிலும்தான். உரிமையாளர்கள் வாசகம் பொறித்தது அங்கேதான். சோங் அரசமரபுக் காலத்துக் கல் என்றால் பெரும்பாலும் அடிப்பக்கம் கை நுழையும்படி குடைந்திருக்கும். அந்தக் குழிவையும் எட்டிப் பாருங்கள்.

கல் அசல், வாசகம் மட்டும் பின்னால் வெட்டியது: விலையை ஏற்ற இதுதான் வழக்கமான தந்திரம். 10 மடங்கு லென்ஸ் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். கைபட்டுத் தேய்ந்த எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும். புது வெட்டு கூராக நிற்கும், பள்ளத்தில் வெளிறிய தூள் தெரியும். அதை மறைக்க மையும் மெழுகும் பூசுவார்கள் என்பதால் நிறத்தை நம்பாதீர்கள், கீறல்களை நம்புங்கள். எழுத்துக்குப் பின் விழுந்த கீறல், பள்ளத்தின் விளிம்பைச் சிதைத்துக்கொண்டு போகும். இருபுறமும் கீறல் தொடர்ந்து, நடுவே விளிம்பு மட்டும் சிதையாமல் இருந்தால் எழுத்துதான் பிந்தியது.

அடுத்தது தேதி. அறுபதாண்டுச் சுழற்சியின் ஆண்டுப்பெயர் மட்டும் இருந்தால் குழப்பம்தான்: ஜியாசி என்பது 1684, 1744, 1804 என எதுவாகவும் இருக்கலாம். பெயர்த்தடை, அதாவது பேரரசரின் இயற்பெயரை அப்படியே எழுதக்கூடாது என்ற வழக்கம், இன்னும் நல்ல சாட்சி. 1661இல் அரியணை ஏறிய காங்சி பேரரசரின் இயற்பெயர் ஷுவான்யே. அதனால் ஷுவான் என்ற எழுத்தின் கடைசிக் கோட்டை விட்டுவிடுவார்கள், அல்லது யுவான் என்று மாற்றிவிடுவார்கள். 1644இல் முடிந்த மிங் காலத்தது என்று சொல்லும் வாசகத்தில் இது இருந்தால் பொறித்தவர் மாட்டிக்கொண்டார்.

தேய்ந்த எழுத்து கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் மைப்படியைப் பாருங்கள். நம் கல்வெட்டுக்காரர்கள் செய்வதுபோலத்தான்: ஈரத்தாளை ஒற்றி, பள்ளங்களில் தட்டி இறக்கி, தாள் காயும் தறுவாயில் மைப்பொதியால் மெல்லத் தட்டுவது. ஈரம் மிஞ்சினால் மை ஊறி எழுத்து மூடிப்போகும்.

வாங்கும் எண்ணமிருந்தால் ஒன்று: 1911க்கு முந்தைய பழம்பொருளைப் பொதுவாகச் சீனாவை விட்டு வெளியே கொண்டுபோக விடமாட்டார்கள். விற்பவர் அதைச் சொல்லவே மாட்டார். புதுக்கல் வாங்குங்கள், அதன் முதுகு காலியாக இருக்கும், உங்களுக்குத்தான்.