விளைந்ததை ஏற்கப் பழகிய கதை

14 வீடுகள், 3 விவசாயிகள், ஒரு வாட்ஸ்அப் குழு. இவ்வளவுதான் ஆரம்பம். நடுவில் யாரும் இல்லாமல் விவசாயியிடமே காய் வாங்கினால் அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது என்று நம்பித்தான் இறங்கினோம். வெள்ளிக்கிழமை மாலை நான் பட்டியல் போடுவேன். யாருக்கு எது வேண்டுமோ குறித்து அனுப்புவார்கள். ஞாயிறு காலை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மூட்டைகள் வந்து இறங்கும், பிரித்துக் கொடுப்போம். இரண்டு மாதம் நன்றாகவே போனது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது வாரம் ஒரு அக்காவின் தோட்டத்துக்குப் போனேன். அவர் என்னை நேராக முள்ளங்கிப் பாத்திக்குக் கூட்டிப்போனார். பாதிக்கு மேல் வெடித்திருந்தது, சிலவற்றில் பூத்தண்டு எழும்பியிருந்தது. ஒன்றைப் பிடுங்கி ஒடித்துக் காட்டினார். உள்ளே பஞ்சு மாதிரி இருந்தது. “போன வாரம் நாலு வீடுதான் கேட்டீங்க. மிச்சத்த நான் எங்க கொண்டு போவேன்? வியாபாரிகிட்ட போடணும்னா ஒரு லோடு சேரணும். உங்களுக்குன்னு பத்து விதமா கொஞ்சம் கொஞ்சமா விதைச்சிருக்கேன். எதுலயும் லோடு தேறாதே.”

அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த முள்ளங்கிதான் மனதில் ஓடியது. வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார், ஆனால் இருப்பதை மொத்தமாக எடுத்துக்கொள்கிறார். நாங்கள் நல்ல விலை கொடுத்தோம், ஆனால் பிடித்ததை மட்டும் பொறுக்கினோம். மிஞ்சியது முழுக்க அந்த அக்கா தலையில் விழுந்தது.

இதை வேறு ஊர்களில் எப்படிச் சமாளித்தார்கள் என்று தேடியபோதுதான் விவசாயிகளும் நுகர்வோரும் நேரடியாகக் கைகோக்கும் ஜப்பானின் ‘தெய்கெய்’ முறையைப் பற்றிப் படித்தேன். 1971-இல் அங்கே இயற்கை வேளாண்மைச் சங்கம் தொடங்கியது. 1978-இல் அவர்கள் வகுத்த பத்துக் கொள்கைகளில் ஒன்று, முன்கூட்டிப் பேசித் திட்டமிட்டு விளைவித்ததை நுகர்வோர் முழுவதுமாக ஏற்க வேண்டும் என்பது. விலையையும் இரு தரப்பும் விட்டுக்கொடுத்துப் பேசி முடிவு செய்ய வேண்டும். எங்களிடம் இல்லாதது இதுதான். நாங்கள் நேரடியாக வாங்கினோமே தவிர, விளைச்சலின் ஏற்ற இறக்கத்தில் பங்கெடுக்கவில்லை.

அடுத்த பருவத்துக்கு முன் எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தோம். பருவச் செலவை வீடுகள் முன்கூட்டியே பகிர்ந்து கட்டி, விளைவதைக் கூடைகளாகப் பிரித்துக்கொள்வது என்பது யோசனை. ஒரு பருவத்துக்கு ஆகும் செலவை விவசாயிகள் மூவரும் வரி வரியாகச் சொல்லச் சொல்ல, பலகையில் எழுதினேன். விதை, எரு, ஆள்கூலி, குழாய் பழுது, வண்டி. “உங்க சம்பளம்?” என்று குழுவில் ஒருவர் கேட்டார். மூவருமே அதைக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. பெரியவர் ஒருவர், “அத யாரும் கேட்டதில்ல தம்பி” என்றார். சேர்த்துக் கூட்டியபோது தொகை கணிசமாக ஏறியது. அறையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

மொத்தத்தை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்திருந்தால், சில குடும்பங்கள் அன்றே விலகியிருக்கும். அமெரிக்காவில் 1986-இல் தொடங்கிய டெம்பிள்-வில்டன் சமூகப் பண்ணையின் வழி கை கொடுத்தது. பண்ணையின் வரவு செலவைப் பொதுவில் வைப்பார்கள், ஒவ்வொரு குடும்பமும் தன்னால் முடிந்ததைச் சொல்லும், தேவையான தொகை சேரும்வரை பேசுவார்கள். நாங்கள் பெயர் எழுதாத சீட்டுகளை முதலில் சேர்த்தோம். முதல் சுற்றில் பற்றவில்லை. இரண்டாவது சுற்றில் சிலர் தங்கள் தொகையைக் கூட்டியிருந்தார்கள், சேர்ந்துவிட்டது. பணம் கட்டும்போது யார் எவ்வளவு என்பது கணக்குப் பார்ப்பவருக்கு மட்டும் தெரியும். தொகை எதுவானாலும் கூடை ஒரே அளவு. அப்படியும் 3 வீடுகள் விலகின. எனக்கு வருத்தம்தான், ஆனால் அரைமனதோடு பணம் கட்டி இருப்பதைவிட அது மேல்.

பிரித்துக் கொடுப்பதில் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன், புதிதாகத் தொடங்குபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். முதல் வாரங்களில் கீரை வதங்கி வந்தது. வெயில் ஏறிய பிறகு அறுத்து, மூட்டையில் அமுக்கிக் கட்டியதுதான் காரணம். விடியும் முன் அறுத்து, நிழலில் வைத்து, ஈரத்துணி போர்த்தி, கூடையில் நிறுத்தி வைத்தபோது மதியம் வரை விறைப்பாக இருந்தது. தக்காளியோடு கீரையை வைக்கவே கூடாது. பழுக்கும் தக்காளி விடும் எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கிவிடும். தக்காளியை நிறம் திரும்பும் பருவத்திலேயே பறித்தால் வழியில் நசுங்காது. எடையைத் தோட்டத்திலேயே போட்டுவிடுங்கள். வழியில் நீர் வற்றிக் குறைகிற எடைக்கு விவசாயி பொறுப்பல்ல என்று முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

சோதனை பருவத்தின் நடுவில் வந்தது. இரண்டு வாரம் விடாத மழை. வேரில் நீர் நின்று கீரை அழுகியது. கூடையில் பாதிகூட நிரம்பவில்லை. இரவு பத்து மணிக்குக் குழுவில் ஒரு செய்தி: “கட்டின பணம் திரும்பக் கிடைக்குமா?” கேட்டவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பணம் விதையாகவும் கூலியாகவும் ஏற்கெனவே மண்ணில் இறங்கிவிட்டது. குழுவில் வாதாடாமல் மறுநாள் அவர் வீட்டுக்கே போனேன். பேசியதில் ஒரு வழி பிறந்தது. விலக நினைப்பவரின் பங்கை, காத்திருக்கும் வேறொரு குடும்பம் மீதிப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்திலிருந்து பணத்தை உருவக்கூடாது. இதை நாங்கள் முதல் நாளே எழுதி வைத்திருக்க வேண்டும். அது என் தவறு.

மழை விட்டதும் அக்கா தினமும் பாத்தியைப் படமெடுத்து அனுப்பத் தொடங்கினார். அழுகியதையும் மறைக்கவில்லை, மறுபடி விதைத்ததையும் காட்டினார். அதன் பிறகு பணத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, முளை விட்டதா என்றுதான் கேட்டார்கள். பருவக் கடைசியில் தக்காளி கொட்டோ கொட்டென்று கொட்டியது. எல்லா வீடும் மறுக்காமல் எடுத்துக்கொண்டது. ஒரு ஞாயிறு முழுக்க நான்கு அடுப்பில் விழுதாகக் காய்ச்சிப் பாட்டில்களில் அடைத்தோம்.

போன வாரம் அடுத்த பருவத்துக்கான கூட்டம் நடந்தது. முள்ளங்கி என்றதும் எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். “ஒரே தடவையா போட மாட்டேன். ரெண்டு வரிசைதான், வாரம் விட்டு வாரம் விதைக்கிறேன். பிஞ்சா வந்துக்கிட்டே இருக்கும்” என்றார். பலகையில் அப்படியே எழுதிக்கொண்டேன்.