2 மீட்டர் கோடு: மனோரி நாட்குறிப்பு

அக்டோபர் 27, 2024. ஞாயிறு

மீன்பிடி படகின் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், மின் மோட்டாரை ஏற்றியாகிவிட்டது. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் ரப்பர் வாஷர் வைத்துத்தான் முடுக்கணும் என்று மீனவர் பண்டூ காக்கா (மராத்தியில் காக்கா என்றால் சித்தப்பா) பிடிவாதமாக நின்றார். இல்லாவிட்டால் ஃபைபரில் விரிசல் விழுமாம். அவர் படகு, அவர் சொல்படியே செய்தோம்.

24 வோல்ட், 80 பவுண்டு தள்ளுவிசை. 100 பவுண்டு எடைக்கு 2 பவுண்டு என்ற கணக்கில் பார்த்தால் பதினாலடி படகுக்கு இதில் பாதிகூட வேண்டாம். ஆனால் அது ஏரிக்குச் சொன்ன கணக்கு. இது மும்பையின் மனோரி கிரீக், கடல்நீர் ஏறி இறங்குகிற கழி. இங்கே வற்றம், அதாவது நீரிறக்கம், இழுக்கிற நேரத்தில் படகை ஓரிடத்தில் நிறுத்தி வைப்பது மிச்சமிருக்கிற அந்த பலம்தான்.

என் மனைவி சித்ரா வீடியோவில் பார்த்தாள். "என்னங்க, ஓடுதா இல்லையா, சத்தமே கேக்கலையே" என்றாள். அந்த ஒரு கேள்வியில் மனசு நிறைந்துவிட்டது.

அக்டோபர் 29, செவ்வாய்

சித்ராவுக்கு ஸ்கேன். பனிக்குட நீர் அளவு 9.2 செ.மீ.

நவம்பர் 1, வெள்ளி. அமாவாசை

கோரேகாவ் முழுக்க வெடி. இடதுபக்கமாகவே படுக்கணும் என்பதால் சித்ராவுக்குத் தோள் வலி, தூக்கமும் இல்லை. நானும் தூங்கவில்லை. உட்கார்ந்து மோட்டாரின் கையேட்டைப் படித்தேன்.

ஒரு விஷயம் என்னை விடவே மாட்டேன் என்கிறது. ஆழம் பிடித்துப் போகிற மோட்டார் என்று நாம் சொல்கிறோம். 2 மீட்டர் என்று கொடுத்தால் 2 மீட்டர் கோட்டிலேயே வளைந்து வளைந்து போகும் என்கிறோம். போகிறது, உண்மை. ஆனால் இப்போது வருகிற மோட்டார்களில் இந்த வேலையைச் செய்வது வரைபடமும் ஜிபிஎஸ்ஸும். ஒலியை அனுப்பி ஆழம் அளக்கிற சோனார் திரையில் எண்ணைக் காட்டும், அவ்வளவுதான்; திசை திருப்புவது வரைபடத்தில் இருக்கிற கோடு. மின் கோட்டா (Minn Kota) கம்பெனி மோட்டாரில் 'ஃபாலோ தி காண்டூர்', அதாவது ஆழக்கோட்டைப் பின்தொடர்கிற வசதி, வேலை செய்வதும் இப்படித்தான்.

90களில் அமெரிக்காவில் பின்பாயிண்ட் என்று ஒரு மோட்டார் இருந்தது. வரைபடம் கிடையாது. சோனார் எதிரொலியைக் கேட்டுக்கொண்டே, ஆழம் கூடினால் கரைப்பக்கம், குறைந்தால் வெளிப்பக்கம் என்று தானாகவே திரும்பும். அப்போதிருக்கிற தண்ணியை அப்போதே கேட்கிற மோட்டார். எனக்கு அதுதான் வேண்டும் என்று இந்த ராத்திரி தோன்றுகிறது.

அமெரிக்க ஏரிகளுக்கு வரைபட கார்டு விலைக்குக் கிடைக்கிறது. மனோரிக்கு யார் வரைந்து வைத்திருக்கிறார்கள்? நாம்தான் வரையணும். படகு போகப் போக சோனார் பதிவு செய்யும், கருவியே அதைக் கோடுகளாக மாற்றும்.

நவம்பர் 3, ஞாயிறு

வரைந்தோம். காலை ஏழு மணிவாக்கில் வற்றம் முடிந்தது, ஏற்றத்தோடு கூடவே போனோம். மார்வே படகுத்துறைக்கு மேற்பக்கம் ஆரம்பித்து, அலையாத்தி ஓரமாகக் குறுக்கும் நெடுக்குமாக உழுகிற மாதிரி போய் வந்தோம். மதியத்தில் திரையைப் பார்த்தால் நட்டநடு கிரீக்கில் ஒரு செங்குத்தான மேடு, ரம்பத்தால் அறுத்துவிட்ட மாதிரி நேர்க்கோட்டில்.

காக்கா பார்த்துவிட்டு, அங்கே அப்படி ஒன்றும் கிடையாது, நாற்பது வருஷமாக அங்கேதான் வலை போடுகிறேன் என்றார்.

அவர் சொன்னது சரி. அது தரையே இல்லை. காலையில் பதிந்த பகுதியும் பதினொரு மணிக்குப் பதிந்த பகுதியும் சந்திக்கிற இடம் அது. நடுவில் ஏறின தண்ணியைத்தான் கருவி பள்ளம் என்று நினைத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அந்த நேரத்து ஓத அளவை, அதாவது கடல்நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை, கருவிக்குக் கொடுத்துவிட்டுத்தான் பதியணும். அட்டவணையைப் பார்த்து அரைமணிக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்கணும்.

நவம்பர் 5, செவ்வாய்

7.4.

33 வாரம் 4 நாள். மருத்துவர் பதறவில்லை. 5க்குக் கீழே போனால்தான் குறைவு என்றார். தண்ணி நிறையக் குடிங்க, அசைவை எண்ணுங்க, இரண்டு மணி நேரத்தில் பத்து.

வயிற்றை நாலாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் ஆழமான பனிக்குட நீர்க்குழியை மேலிருந்து கீழாக அளந்து, நாலையும் கூட்டுகிறார்கள். இந்தக் கிரீக்கில் நான் பயன்படுத்துவது 200 கிலோஹெர்ட்ஸ். ஸ்கேன் அறையில் இருக்கிற கருவி சில மெகாஹெர்ட்ஸ். ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை எண்ணுவது இரண்டுக்கும் பொது. அந்த அம்மா ஜெல்லைத் தடவி, கருவியைச் சாய்க்காமல் நேராகப் பிடித்தார். குழிக்குள் தொப்புள்கொடி வந்துவிட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடம் அளந்தார். மூன்றாவது குழிக்கு இரண்டு தடவை பார்த்து இரண்டு தடவையும் வேறு எண் எழுதினார். நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாய்த்துப் பிடித்தால் எண் மாறும். எனக்குத் தெரியும்.

நவம்பர் 7, வியாழன்

திருச்செந்தூர் சூரசம்ஹாரம் டிவியில். சித்ரா கைகூப்பியபடியே இருந்தாள். அத்தை வருகிற நாகர்கோவில் வண்டி மூன்று மணி நேரம் தாமதம்.

நவம்பர் 8, வெள்ளி

அத்தை வந்து இறங்கியதுமே, "மாப்ளே, இவ மொகம் வாடிப்போயிருக்கே, என்ன சொன்னாங்க டாக்டரு?" என்றார்கள். எண்ணைச் சொன்னேன். "எண்ணு கெடக்கட்டும், பிள்ளை அசையுதா?" என்றார்கள். அசைகிறது அத்தை. நேற்று பதினாலு.

நவம்பர் 10, ஞாயிறு

அட்டமியை ஒட்டிய நாள். காக்கா பாஷையில் பாங்க், ஓதம் குறைவாக ஏறி இறங்குகிற நாள். தண்ணி சோம்பிக் கிடந்தது. மோட்டார் இன்று தெய்வம்.

2 மீட்டர் கோட்டைக் கொடுத்துவிட்டு ரிமோட்டைப் பையில் போட்டுவிட்டேன். அலையாத்தி எங்கே உள்வாங்குகிறதோ அங்கே அதுவும் உள்வாங்கி, எங்கே முட்டுகிறதோ அங்கே விலகி, ஆள் நடக்கிறதைவிட மெதுவாகப் போனது. திரையில் 1.9, 2.1, 2.0. இரண்டு கையும் தூண்டிலுக்கே. பெட்ரோல் எஞ்சினில் இந்த ஓரத்தில் இவ்வளவு நேரம் இருக்கவே முடியாது, அதன் சத்தத்துக்குக் கொடுவா எப்போதோ ஓடியிருக்கும்.

ஒன்றும் கடிக்கவில்லை. எனக்கு வருத்தமும் இல்லை. கொடுவா ஓடுகிற தண்ணியில்தான் வேட்டையாடும். வற்றத்தில் அலையாத்திக்குள்ளிருந்து இறாலும் குஞ்சுமீனும் சின்ன வாய்க்கால்கள் வழியாக வெளியே வந்தே ஆகணும், அந்த வாய் சரிகிற இடத்தில் அது தலையை உள்பக்கம் வைத்துக் காத்திருக்கும். தண்ணி சும்மா கிடந்தால் வரைபடம் நிஜம், மீன் இல்லை. தண்ணி ஓடினால் மீன் உண்டு, வரைபடம் மணிக்கொரு தடவை பொய்.

நவம்பர் 12, செவ்வாய்

சோனாரில் கோடு கோடாக இரைச்சல். மோட்டார் வேகம் கூடினால் இரைச்சலும் கூடுகிறது. ஒரே பேட்டரியில் இரண்டும் ஓடுவதால் வருவது. சோனாருக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி யுபிஎஸ் பேட்டரி, லாமிங்டன் ரோட்டில் வாங்கினேன். படம் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மோட்டார் வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால், முதலில் இதைச் செய்யுங்கள்.

நவம்பர் 13, புதன்

ஆறு அசைவுதான். பிறகு இளநீர் குடித்தாள், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் உதை உதை என்று உதைத்தது.

நவம்பர் 17, ஞாயிறு

பவுர்ணமி போய் இரண்டு நாள். காக்கா பாஷையில் உதாண், ஓதம் அதிகமாக ஏறி இறங்குகிற நாள். மதியம் ஏற்றம் உச்சம், இரண்டு மணியிலிருந்து தண்ணி கிளம்பியது.

நாலு மீட்டர் இறங்குகிற நாளில் முதல் மணி நேரம் மெல்ல இறங்கும். மூன்றாவது, நாலாவது மணி நேரங்களில் மணிக்கு ஒரு மீட்டர். மூன்று மணிக்கு 2 மீட்டராக இருந்த கோடு இன்னும் கொஞ்ச நேரத்தில் முழங்கால் சேறு. அதனால் மோட்டாரை நம்பி உட்காரவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஓத அளவைக் குறைத்துக்கொண்டே வந்தேன். குறைத்த உடனே அது மூக்கைத் திருப்பி, புதுக் கோட்டைத் தேடி வெளியே நகரும். பார்க்க அழகு.

நடுவில் ஒரு விஷயம். 200 கிலோஹெர்ட்ஸில் தரை 2.0. 83க்கு மாற்றினால் 2.4. எது தரை? காக்கா எதுவும் பேசாமல் மூங்கிலை எடுத்து இறக்கினார். 2 மீட்டரில் கை லேசாகத் தயங்கியது, அழுத்தினார், வெண்ணெயில் போகிற மாதிரி இறங்கி அதற்கும் கீழேதான் நின்றது. வெளியே எடுத்தபோது மூங்கிலின் நுனியில் கறுப்புச் சேறு, அதற்கு மேலே சாம்பல் நிறக் கூழ். இரண்டுக்கும் நடுவில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒரு கோடு இருந்தது. உயர்ந்த அலைவரிசை கூழின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது, தாழ்ந்தது அதைத் துளைத்துக்கொண்டு கெட்டித்தரை வரை போகிறது. இரண்டும் உண்மைதான். மீன் கூழுக்கு மேலே. நங்கூரம் கெட்டியில்.

நங்கூரம் என்றதும் ஞாபகம் வருகிறது: காக்காவின் இரும்பு நங்கூரத்தை அணியத்திலிருந்து பின்பக்கம் மாற்றினோம். மோட்டாரின் திசைகாட்டியை அது குழப்புகிறது.

நாலேகாலுக்கு, மூன்றாவது வாய்க்கால் வாயில், கொடுவா. இழுத்த இழுப்பில் ரீல் அலறியது. படகை ஓரிடத்தில் நிறுத்துகிற ஸ்பாட்-லாக் பொத்தானை அழுத்தினேன், படகு வற்றத்தில் ஆணி அடித்த மாதிரி நின்றது. காக்கா வலைக்கரண்டியில் தூக்கினார். "ஜித்தாடா!" என்று கொடுவாவை மராத்தியில் சொல்லிக் கத்தினார். மீனின் கண் மாணிக்கமாக மின்னியது.

அத்தை புளி கரைத்து வைத்தார்கள். சித்ரா இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

நவம்பர் 18, திங்கள்

மோட்டார் விசிறிக்குப் பின்னால் நைலான் நூல். கழற்றி, அச்சில் சுற்றியிருந்ததை நகவெட்டியால் ஒவ்வொரு இழையாக எடுத்தேன். இதை விட்டால் உள்ளே இருக்கிற சீல் அறுந்து உப்புத்தண்ணி மோட்டாருக்குள் போகும். துத்தநாகத் துண்டு வெள்ளை பூத்திருக்கிறது. அது கரைந்தால்தான் மற்ற உலோகம் பிழைக்கும், எனவே சந்தோஷம்.

நவம்பர் 20, புதன்

ஓட்டுப் போட்டேன். லீவு. காக்கா கூப்பிட்டார், போகவில்லை. அவளுக்குக் காலையிலிருந்து வயிறு இறுகி இறுகி விடுகிறது. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறாள். நான் ஓத அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எதற்கென்று தெரியவில்லை.

நவம்பர் 21, வியாழன்

5.6.

இந்த முறை அளந்தது வேறு ஆள். அவசர அவசரமாக. கருவி சாய்ந்திருந்தது, எனக்கு அப்படித்தான் பட்டது. கேட்டேன். "மறுபடி ஒருமுறை நேராகப் பிடித்துப் பார்க்கிறீர்களா?" அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சித்ரா என் கையை அழுத்தினாள். நான் விடவில்லை. மறுபடி பார்த்தார். 5.9.

இரண்டில் எது தரை.

ஆழமான குழி மட்டும் 2.3. ஒரே குழியை வைத்துப் பார்க்கிற கணக்கும் உண்டு, அதில் 2தான் எல்லை என்று மருத்துவர் விளக்கினார். சனிக்கிழமை மறுபடி வரச் சொன்னார். அதுவரை எண்ணச் சொன்னார். பை கட்டி வைக்கச் சொன்னார். அதை அத்தை ஏற்கெனவே கட்டிவிட்டார்கள்.

நவம்பர் 22, வெள்ளி

பதினொன்று. பிறகு எட்டு. பிறகு பன்னிரண்டு.

காக்கா போனில், ஞாயிறு வர்றியா, தண்ணி தோதா இருக்கு என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எங்க சாமி ஏகவீரா ஆயிக்குத் தேங்காய் உடைக்கிறேன், நீ அங்கேயே இரு என்றார்.

நவம்பர் 23, சனி

விடிகாலை 3.10. அவள் எழுப்பினாள். தண்ணி. அத்தை ஆட்டோவுக்கு ஓடியிருக்கிறார்கள். படகுத்துறை ஷெட்டில் பேட்டரி சார்ஜரில் கிடக்கிறது, கழற்றச் சொல்லி காக்காவுக்குச் செய்தி அனுப்பணும்.