சதுரங்கப் பலகை எண்ணைக் கையால் பிரித்துப் பார்த்தேன்

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று 64 கட்டத்தையும் நிரப்பினால் மொத்தம் 18446744073709551615 நெல்மணி. சின்ன வயதில் எல்லோரும் கேட்ட கணக்குதான். இந்த எண்ணைக் கால்குலேட்டர் தொடாமல், கட்டம் போட்ட நோட்டிலேயே பகாக் காரணிகளாகப் பிரித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எண் வரவேண்டுமே. 2-ஐ இரட்டித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு வரியின் இலக்கங்களையும் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் 2, 4, 8, 7, 5, 1 என்று சுழன்று வரும். 47-ஆவது அடுக்கில் 5 வரவேண்டிய இடத்தில் 4 வந்து நின்றது. எழுதியிருந்தது 140737488345328. முந்தைய வரி 70368744177664. அதில் 77 என்று சேர்ந்து நிற்கிறதே, அங்கே இடப்பக்க 7-ஐ இரட்டிக்கும்போது கையிலிருந்த ஒன்றைக் கூட்டாமல் விட்டிருக்கிறேன். 345 இல்லை, 355. அந்தச் சுழற்சி இல்லையென்றால் மீதி 17 வரியும் வீணாகியிருக்கும்.

பிரிப்பதில் பாதி வேலை சுலபம். 2-இன் 64-ஆவது அடுக்கில் ஒன்று குறைவு என்பதால், a² − b² வாய்பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டாலே 3, 5, 17, 257, 65537, 4294967297 என்று உதிர்ந்துவிடுகிறது. முதல் ஐந்தும் பகா எண்கள். அந்த ஐந்தையும் பெருக்கினால் 4294967295. கவராயமும் அளவுகோலும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று இன்றுவரை தெரிந்த, ஒற்றைப்படைப் பக்கம் கொண்ட ஒழுங்குப் பலகோணங்களில் (எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமானவை) மிகப் பெரியதற்கு இத்தனை பக்கம்! நெல் கணக்குக்குள் இது ஒளிந்திருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

கடைசி எண்தான் கடினம். அது பகா எண் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் ஆய்லர் 641-ஆல் வகுத்துக் காட்டினார். அதன் பகாக் காரணி எதுவானாலும் 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும் என்பது பின்னாளில் கணித அறிஞர் லூக்கா கண்டது. அதனால் சோதிக்க வேண்டியவை மிகக் குறைவு. 257 வகுக்கவில்லை. 641-ஆல் வகுத்தேன், ஈவு 6700417, மீதி சுத்தமாக 0. கையால் அந்த 0-ஐ எழுதியபோது வந்த சந்தோஷத்தை எந்தத் திரையும் தராது.

6700417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டியது. அதற்குள் மிஞ்சுபவை 641, 769, 1153, 1409 நான்குதான். மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஆக, நெல் எண்ணுக்கு ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள், 128 வகுத்திகள்.

மேலே உதிர்ந்த 3, 5, 17 வரிசைக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். நெல் எண்ணோடு 2 கூட்டினால் அந்த வரிசையில் அடுத்த எண். 1880-இல் லாண்ட்ரி அதை உடைத்தார். சிறிய காரணி 274177. இங்கே 256-இன் மடங்கோடு ஒன்று கூட்டித் தேட வேண்டும்; 274177 வருவது 1071-ஆவது மடங்கில். விடை தெரிந்தும் ஒவ்வொன்றாக வகுத்து வருகிறேன். நேற்று இரவு 7681 முடிந்தது. அது முப்பதாவது மடங்கு.