கொச்சிக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள்

கோவைக்குத் திரும்பி இரண்டு நாளாகிறது, கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட் கொச்சிக்கு வெள்ளிக்கிழமை போய் இறங்காதீர்கள். இறங்கினாலும், படகுத்துறை வாசலில் "அம்பது ரூபா மதி (போதும்), எல்லா இடமும் காட்டலாம்" என்று சிரிக்கிற ஆட்டோவில் ஏறாதீர்கள். நானும் அம்மாவும் இந்த இரண்டையும் ஒரே நாளில் செய்தோம்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செலவு என்று வரிசையாக எழுதுவதாகத்தான் கிளம்பும்போது நினைப்பு. இரண்டு பேருக்கும் சேர்த்து 5,000 ரூபாய், ஒரே ஒரு ராத்திரி தங்கல். அம்மா பணத்தைச் சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். காலை ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டி, திருச்சூர் வரை நின்றுகொண்டே பயணம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கால் வலித்தது, அவ்வளவுதான்.

எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் இரண்டு வழி. ஹைகோர்ட் பக்கத்திலிருந்து போகும் புது வாட்டர் மெட்ரோ பளபளப்பாக, ஏசியோடு இருக்கிறது, டிக்கெட் விலை கூடுதல். அரசுப் போக்குவரத்துப் படகு பழசு, டீசல் வாடை, டிக்கெட் பத்து ரூபாய்க்குள். நான் பழைய படகுக் கட்சி. காற்று முகத்தில் அடிக்கும், பக்கத்தில் மீன்கூடைக்காரம்மா உட்கார்ந்திருப்பார். நடுவில் தெரியும் வில்லிங்டன் தீவில் பெரும்பகுதி இயற்கையானதே இல்லை. ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் 1920களில் தொடங்கி, துறைமுகத்துக்காகக் காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி உருவாக்கியது. "சேத்தைக் கொட்டியா இத்தாப்பெரிய ஊரு?" என்று அம்மா எட்டி எட்டிப் பார்த்தாள். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

இனி அந்த ஆட்டோ. முதலில் பிரான்சிஸ் சர்ச் வாசலில் நிறுத்தி, "பத்து மினிட்டு" என்றார். படகுத்துறையிலிருந்து நடந்தே போகிற தூரம் அது, எங்களுக்கு அப்போது தெரியாது. சர்ச்சை ஓட்டமாகப் பார்த்து வெளியே வந்தால் அடுத்த நிறுத்தம் கம்பளக் கடை. "ஒண்ணும் வாங்கண்ட சேச்சி, வெறுதே கண்டா மதி." வாங்க வேண்டாமாம், சும்மா பார்த்தால் போதுமாம். உள்ளே போனால் மேலே கம்பளம், கீழே கம்பளம், கையில் டீ. அங்கிருந்து வாசனைப்பொருள் கடை. அதற்கப்புறம் நகைக்கடை. நாம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், ஆள் கொண்டுவந்து விட்டதற்கு ஓட்டுநருக்குக் கூப்பனோ கமிஷனோ உண்டு. ஐம்பது ரூபாய்க்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று நான் ஏறும்போதே யோசித்திருக்க வேண்டும். மூன்றாவது கடையில் அம்மா, "ஏங்கண்ணு, இந்தக் கடையெல்லாம் நம்ம ஊரு ஒப்பணக்கார வீதியிலயே இருக்குதே?" என்று கேட்டாள். எனக்கு மானம் போய்விட்டது.

மட்டாஞ்சேரி போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றே முக்கால். அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. பக்கத்துத் தெருவில் யூதர்களின் ஜெபக்கூடமும் பூட்டியாகிவிட்டது. மறுநாள் சனி, அவர்களுக்கு சபாத் என்ற ஓய்வுநாள், திறக்கவே மாட்டார்கள். இனி ஞாயிறு காலைதான். தினமும் அந்தத் தெருவில் வண்டி ஓட்டுகிறவருக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் நிதானமாகக் கடை கடையாக இறக்கிவிட்டிருக்கிறார். கடைசியில் "வெயிட்டிங்" என்று 250 ரூபாய் கேட்டார். அம்மா 100 ரூபாயை எடுத்து சீட்டில் வைத்துவிட்டு இறங்கி நடந்தாள். பின்னால் மலையாளத்தில் ஏதோ சத்தம் வந்தது, அவள் திரும்பவே இல்லை.

அப்போதே ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் அம்மா இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொண்டதே அந்த ஜெபக்கூடத்துத் தரைக்காகத்தான். எங்கோ ஒரு காலண்டரில் பார்த்த நீலப் பூப்போட்ட டைல்ஸ். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருந்துட்டே போயர்லாம்" என்றாள். அறை வாடகை 1,400, ஆக இன்னொரு 1,400. எங்கள் பட்ஜெட் அந்தத் தெருமுனையிலேயே முடிந்துபோனது.

சனிக்கிழமை முழுக்க நடைதான், நல்லதாகப் போயிற்று. காலையில் சீன வலைகள். தேக்குத் தூண், மூங்கில், எதிர்ப்பாரத்துக்குக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட பாறாங்கற்கள். நாலைந்து பேர் சேர்ந்து இழுக்க, வலை ஒரு பெரிய சிலந்தி எழுந்திருப்பதுபோல் மேலே வருகிறது. நாங்கள் பார்த்தபோது வந்தது முக்கால்வாசி ஆகாயத்தாமரை, கால்வாசி மீன். "இழுக்கிறீங்களா?" என்று கூப்பிடுவார்கள். இழுத்தால் காசு. ஆட்டோவைவிட இது எவ்வளவோ நேர்மை, கேட்டுவிட்டு வாங்குகிறார்கள்.

பிரான்சிஸ் சர்ச்சுக்கு மறுபடி போனோம், இந்தமுறை அவசரமில்லாமல். ஐரோப்பியர் இந்தியாவில் கட்டிய சர்ச்சுகளில் பழமையானது என்கிறார்கள். 1503இல் மரத்தில் கட்டியதை 1516க்குள் கல்லாக்கினார்கள் போர்த்துகீசியர்கள். 1663இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர்கள். ஒரே கட்டடம், மூன்று முதலாளி. வாஸ்கோ ட காமா 1524 டிசம்பரில் இங்கே கொச்சியில் இறந்து, இந்த சர்ச்சில்தான் புதைக்கப்பட்டார். பிறகு எலும்பை எடுத்துப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது இருப்பது கம்பி வேலி போட்ட வெற்றுக் கல்லறை. "ஆளே இல்லாத சமாதிக்கா இத்தனை போட்டோ?" என்றாள் அம்மா. எனக்கும் அதே எண்ணம்தான். என்னைப் பிடித்து நிறுத்தியது மேலே தொங்கும் துணி விசிறிகள். அதன் கயிற்றை வெளியே நின்று ஆள் இழுக்க வேண்டும். உள்ளே துரைமார்கள் காற்று வாங்கிக்கொண்டு ஜெபம் செய்ய, வெளியே வெயிலில் நின்று இழுத்தவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அடுத்து, வெள்ளிக்கிழமை பூட்டியிருந்த மட்டாஞ்சேரி அரண்மனை. அதை டச்சு அரண்மனை என்பார்கள், ஆனால் சுமார் 1555இல் கட்டியது போர்த்துகீசியர்கள். கோயிலைக் கொள்ளையடித்துவிட்டு, அரசர் வீர கேரள வர்மாவைச் சமாதானப்படுத்தக் கட்டிக்கொடுத்தது. டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததோடு சரி, பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் பழைய தாலுகா ஆபீஸ் மாதிரி இருக்கும், ஏமாந்து திரும்பிவிடாதீர்கள். உள்ளே அரசரின் பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். இடம் விடாமல் உருவங்கள், காவியும் பச்சையும் மஞ்சளும். அம்மா புத்திரகாமேஷ்டி யாகத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு காட்சியாகக் கதை சொல்ல, பக்கத்தில் நின்ற பெங்களூர்க் குடும்பம் ஒன்று எங்களோடேயே நகர்ந்து வந்தது.

சாப்பாடு என்றால் மட்டாஞ்சேரி காயிக்கா கடை பிரியாணி. நம் ஊர் சீரகச்சம்பா பிரியாணிதான் உலகத்தில் சிறந்தது என்று வாதாடுகிற வம்சம் நாங்கள். இங்கே கைமா என்ற பொடி அரிசி. காரமே இல்லை, நெய் வாசனை மட்டும். முதல் வாய்க்கு சப்பென்று இருந்தது. கீழே தோண்டி மசாலாவையும் மட்டனையும் மேலே கொண்டுவந்து பிசைந்தபோதுதான் புரிந்தது. தொட்டுக்கொள்ளப் பேரீச்சம்பழ ஊறுகாய், முடிவில் சுலைமானி என்கிற பால் விடாத டீ. அம்மா இலையை, மன்னிக்கவும், தட்டை வழித்தாள். பில்லைப் பார்த்தும் முகம் மாறவில்லை. இதைவிடப் பெரிய சான்றிதழ் எங்கள் வீட்டில் கிடையாது.

மாலையில், 'வெளி' என்ற பெயருள்ள இடத்தில் தோபி கானா, அதாவது சலவைக்கூடம். இது எங்கள் பட்டியலிலேயே இல்லை, ஞாயிறு வரை நேரத்தைத் தள்ளத்தான் போனோம். டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் துணி வெளுக்கத் தமிழகத்திலிருந்து வண்ணார்களைக் கொண்டுவந்தார்கள் என்பது இங்குள்ளவர்கள் சொல்லும் வரலாறு. அவர்கள் வழிவந்தவர்கள் இன்னும் அதே தொழிலில். வரிசையாகச் சலவைத் தொட்டிகள். வெளியே முறுக்கிய கயிற்றுக்கொடி, கிளிப்பே கிடையாது, கயிற்றின் முறுக்குக்குள் துணியைச் செருகிவிடுகிறார்கள், எந்தக் காற்றுக்கும் பறக்காது. கஞ்சி போட்டு, நீலம் போட்டு, கரி அடுக்கிய இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கிறார்கள்.

தேய்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம் அம்மா தமிழிலேயே, "எந்த ஊருங்க உங்களுக்கு?" என்றாள்.

"இந்த ஊருதான் தாயி. பாட்டனுக்குப் பாட்டன் திருநெல்வேலிப் பக்கம்னு சொல்லுவாங்க. நாங்க போய்ப் பாத்ததில்ல."

தமிழ் பேச்சு, நடுநடுவே மலையாள இழுப்பு. அரைமணி நேரம் இருவரும் வேட்டிக் கஞ்சியின் பதம் பற்றிப் பேசினார்கள். போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் மூவரும் மூட்டை கட்டிவிட்டார்கள். துணி வெளுக்க வந்தவர்கள் இருக்கிறார்கள். கல்லறைகளைப் பார்க்கிற நேரத்தில் பாதியை இங்கே கொடுங்கள், உள்ளே போகக் கட்டணமும் இல்லை.

ஞாயிறு காலை பத்து மணிக்கு முன்பே யூதத் தெருவில் நின்றோம். சுக்கும் மிளகும் வாசனை. 1568இல் கட்டிய பரதேசி ஜெபக்கூடம். பெயரைக் கேட்டு அம்மா முகம் சுளித்தாள், அது நம் ஊர் வசவு. அங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றுதான் பொருள். ஸ்பெயின் போன்ற தேசங்களிலிருந்து துரத்தப்பட்டு வந்து சேர்ந்த யூதர்கள். இஸ்ரேல் உருவான பின் பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். வாசலில் 1760ஆம் வருஷத்து மணிக்கூண்டு, உள்ளே கூரையிலிருந்து கண்ணாடிச் சரவிளக்குகள். நாங்கள் எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்ததுமே கண் தரையில்தான்.

வெள்ளையில் நீலம். சீனாவின் கான்டனில் கையால் தீட்டி, 18ஆம் நூற்றாண்டில் கப்பலில் வந்தவை. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்பார்கள். மரம், ஆறு, பூ, எல்லாம் ஒரே சாயலில், ஆனால் ஒரு கிளை நீண்டிருக்கும், ஒரு பூ குறைந்திருக்கும். வெறுங்காலுக்குச் சில்லென்று இருந்தது. அம்மா குனிந்தபடியே வரிசை வரிசையாக நடந்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த காவலாளி, ஏதோ தொலைத்துவிட்டாள் என்று நினைத்து எழுந்து வந்தார்.

ஜன்னலோரம் ஒன்றும் தூணோரம் ஒன்றும் அச்சு அசல் ஒரே மாதிரி என்கிறாள் அம்மா. தூணோரத்து மரத்தில் ஒரு கிளை அதிகம் என்கிறேன் நான். உள்ளே போட்டோ எடுக்க விடுவதில்லை, ஆகவே சாட்சியும் இல்லை. திரும்பும் ரயில் ஆலுவா தாண்டியும் அந்த வழக்கு ஓயவில்லை.